பயந்தாங்கொள்ளிக்குப் பதவி இல்லை

ஜெனிட்சு அகாட்சுமாவுக்கு வயது 16. தொழில், அரக்கர்களின் தலையை வெட்டுவது. ஆனால் அரக்கனைப் பார்த்தால் அழுவான். அரக்கன் இருக்கிறான் என்று சொன்னாலே அழுவான். வேலைக்குக் கிளம்பச் சொன்னால் நண்பனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தான் சாகப்போவதாகத் தெருவே கேட்கும்படி அலறுவான். பயம் உச்சத்துக்குப் போனதும் மயங்கி விழுந்து தூங்கிவிடுவான். தூங்கிய பிறகுதான் அவன் வாள் உறையை விட்டு வெளியே வரும். கண் இமைப்பதற்குள் அரக்கனின் தலை தரையில் கிடக்கும். கண் விழித்து அந்தத் தலையைப் பார்த்துவிட்டு மறுபடியும் அலறுவான்.

'டீமன் ஸ்லேயர்: கிமெட்சு நோ யாய்பா' என்ற ஜப்பானியக் கதையில் வருகிறான் இவன். கொயோஹாரு கோதோகே வரைந்த இந்தப் படக்கதை, 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் 2016 பிப்ரவரியில் தொடங்கி 2020 மே மாதம் 205-வது அத்தியாயத்துடன் முடிந்தது. 2019 ஏப்ரலில் யூஃபோடேபிள் நிறுவனம் அதை டி.வி. தொடராக்கியது. 2020-ல் வந்த 'முகென் ட்ரெயின்' திரைப்படம் ஜப்பானில் மட்டும் 4,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' 2001 முதல் வைத்திருந்த சாதனை அதோடு முறிந்தது. 2025 செப்டம்பர் 12-ம் தேதி 'இன்ஃபினிட்டி காசில்' படம் இந்தியாவுக்கு வந்தபோது, ஜப்பானிய மொழியோடு ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் பேசியது. முன்பெல்லாம் சிறுவர்கள் சமாசாரம் என்று ஒதுக்கப்பட்ட அனிமேவுக்கு இங்கேயும் தியேட்டர் வாசலில் கூட்டம் நின்றது.

படம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் பெரிய சண்டைகள் மூன்று. ஜெனிட்சுவின் சண்டைக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஆனால் ரசிகர்களிடையே ஓயாமல் நடக்கும் ஒரு வாதத்துக்கு அந்தக் கொஞ்ச நேரமே காரணம். இவ்வளவு பலம் பெற்றவனுக்குக் கடைசி வரை ஏன் பதவி உயர்வு கிடைக்கவில்லை?

முதலில் அந்தப் பதவி. கதை நடப்பது ஜப்பானின் தாய்ஷோ காலத்தில், அதாவது 1912-க்கும் 1926-க்கும் இடையில். பொது இடத்தில் வாள் அணியக் கூடாது என்ற தடை 1876-லேயே வந்துவிட்டது. அரக்கரை ஒழிக்கும் படையை அரசாங்கம் அங்கீகரிக்கவும் இல்லை. ரயில் நிலையத்தில் போலீஸைக் கண்டால் இந்த வீரர்கள் வாளை ஒளித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். சட்டத்தின் கண்ணில் இல்லாத படையாக இருந்தாலும் உள்ளே கட்டுக்கோப்புக்குக் குறைவில்லை. மொத்தம் பத்துப் படிநிலைகள். பழைய ஜப்பானியப் பஞ்சாங்கத்தின் பத்துப் பெயர்களே அவற்றுக்கும் பெயர். கடைசிப் படி மிசுனோதோ. முதல் படி கினோஎ. எல்லோருக்கும் மேலே ஒன்பது பேர் மட்டும். அவர்கள்தான் 'ஹஷிரா'. தமிழில் சொன்னால், தூண்கள். ஜப்பானியர்கள் அந்தச் சொல்லை எழுதும் எழுத்துக்கு ஒன்பது கோடுகள். அதனால் தூண்களும் ஒன்பது.

தூணாக வேண்டுமானால் முதல் படியான கினோஎயை எட்டியிருக்க வேண்டும். கூடவே 50 அரக்கர்களைக் கொன்றிருக்க வேண்டும். அல்லது 'பன்னிரு பிறைகள்' எனப்படும் அரக்கர்களில் ஒருவரையாவது கொன்றிருக்க வேண்டும். எதிர்முகாமின் பதவி வரிசை அது. அரக்கர் தலைவன் முசானுக்குக் கீழே வளர்பிறையில் ஆறு பேர், தேய்பிறையில் ஆறு பேர். அவரவர் எண் அவரவர் கண்ணிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பலம் இருந்தால் மேலே உள்ளவனோடு மோதி அவன் இடத்தைப் பிடிக்கலாம். வேலை பிடிக்காவிட்டால் மெமோ கிடையாது. தேய்பிறைக்காரர்களின் திறமையில் அதிருப்தி அடைந்த முசான், ஒரே கூட்டத்தில் நான்கு பேரைக் கொன்று தீர்க்கிறான்.

ஜெனிட்சு இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவனே அல்ல. பெற்றோர் இல்லாத பிள்ளை. காதலித்த பெண் இன்னொருவனுடன் போய்விட்டாள். அவளால் ஏற்பட்ட கடன் மட்டும் இவன் தலையில் நின்றது. அந்தக் கடனை அடைத்து அவனைக் கூட்டிக்கொண்டு போனவர் ஜிகோரோ குவாஜிமா என்ற கிழவர். ஒரு காலத்தில் இடிமுழக்கத் தூணாக இருந்தவர். ஒரு காலை இழந்து ஓய்வு பெற்றவர். பயிற்சிக்குப் பயந்து ஓடினால் பிடித்து வந்து அடிப்பார். மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டால் கீழே நின்று மன்றாடுவார். அப்படி ஒருமுறை மரத்தில் இருந்தபோது ஜெனிட்சு மேல் இடி விழுந்தது. உயிர் போகவில்லை, கறுப்பு முடி மட்டும் மஞ்சளாகிவிட்டது. குருவே என்று கூப்பிடச் சொன்னாலும் அவன் வாயில் வந்தது 'தாத்தா'தான்.

தாத்தா சொல்லிக்கொடுத்த 'இடி மூச்சு' வாள்முறையில் ஆறு வகை வீச்சுகள். ஜெனிட்சுவுக்கு வந்தது முதலாவது மட்டும். உடம்பைத் தாழ்த்தி, மூச்சை இழுத்து, ஒரே பாய்ச்சலில் தலையைச் சீவும் வீச்சு. மற்ற ஐந்தும் எத்தனை அடி வாங்கியும் வரவில்லை. கிழவர் அதை வைத்தே ஒரு முடிவுக்கு வந்தார். ஒன்றுதான் வரும் என்றால் அந்த ஒன்றை, இரும்பைச் சம்மட்டியால் அடிப்பதுபோல அடித்து அடித்து, அதற்கு மேல் கூராக்க முடியாது என்னும் அளவுக்குக் கொண்டு போ என்றார்.

அதே வீட்டில் இன்னொரு சீடன் இருந்தான். பெயர் கைகாகு. மூத்தவன், உழைப்பாளி. ஆறு வீச்சுகளில் ஐந்து அவனுக்கு அத்துப்படி. வராதது ஒன்றே ஒன்று: ஜெனிட்சுவுக்கு வந்த அந்த முதல் வீச்சு. மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான். ஒருவனுக்கு அஸ்திவாரம் மட்டும், இன்னொருவனுக்கு அஸ்திவாரம் இல்லாத மாடிகள். கிழவர் இருவரையும் கூட்டு வாரிசுகள் என்று அறிவித்தார். கைகாகுவால் அதைத் தாங்க முடியவில்லை. அழுமூஞ்சியோடு தன்னை ஒரே தட்டில் வைத்ததே அவனுக்கு அவமானம். தின்றுகொண்டிருந்த பீச் பழத்தை ஜெனிட்சு மேல் வீசி, பெரியவரின் நேரத்தை வீணாக்காமல் ஓடிப்போ என்று விரட்டியவன் அவன்.

ஜெனிட்சுவுக்குக் காது மட்டும் அசாதாரணம். மனிதர்களின் மனநிலையைக்கூட ஒலியாகக் கேட்பான். கைகாகுவிடமிருந்து எப்போதும் ஒரே ஒலிதான் கேட்டது: போதாது, போதாது என்ற குறை. சந்தோஷத்தைப் போட்டு வைக்கும் பெட்டி ஒன்று ஒவ்வொருவர் மனத்திலும் இருக்கிறது, கைகாகுவின் பெட்டியில் ஓட்டை என்று நினைக்கிறான் ஜெனிட்சு. யார் எதைப் போட்டாலும் அது நிரம்பாது. ஆனாலும் அவன்மேல் மதிப்பு வைத்திருந்தான். ஐந்து வீச்சுகளைக் கற்றவன் அல்லவா?

இத்தனைக்கும் பிறகு ஜெனிட்சு படையில் சேருகிறான். ஏழு நாள் தேர்வில் உயிர் பிழைத்த ஐந்து பேரில் ஒருவன். மற்ற வீரர்களுக்குச் செய்தி கொண்டுவரக் காக்கை கொடுத்தார்கள். இவனுக்குக் கிடைத்தது ஒரு சிட்டுக்குருவி. நிர்வாகம் அவனை எப்படி எடை போட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

எடை தவறு என்று முதலில் தெரிந்தது 2019 தொடரின் 17-வது அத்தியாயத்தில். நதகுமோ மலையில், மனிதர்களைச் சிலந்தியாக மாற்றும் அரக்கன் ஒருவனிடம் தனியாகச் சிக்குகிறான் ஜெனிட்சு. விஷம் ஏறுகிறது. முடி உதிர்கிறது. மரத்தில் ஏறி அழுகிறான். பிறகு மயங்கி விழுகிறான். தூக்கத்திலேயே அந்த ஒரே வீச்சை இடைவிடாமல் ஆறு முறை அடுக்கி வீசுகிறான். காடு முழுவதும் மின்னல் தெறிக்க, தொங்கும் வீட்டுக்கு மேலே அரக்கனின் தலை பறக்கிறது. ஆறு வீச்சு தெரியாதவன் ஒரே வீச்சை ஆறாக்கிக் காட்டினான். ரசிகர்கள் அன்றிலிருந்து அவனைக் கோமாளியாக மட்டும் பார்ப்பதில்லை.

தூங்கினால் வீரன், விழித்தால் கோழை என்று அவனைச் சுருக்கிவிடுவது சுலபம். கதையைக் கவனித்துப் பார்த்தால் அது சரியல்ல. சிலந்தி மலைக்கு முன்பே ஒரு காட்சி வருகிறது. நாயகன் தன்ஜிரோ ஒரு மரப்பெட்டியை வெளியே வைத்துவிட்டு வீட்டுக்குள் போயிருக்கிறான். பெட்டிக்குள் இருப்பது அரக்கியாகிவிட்ட அவன் தங்கை நெசுகோ. உள்ளே இருப்பது மனித ஒலி அல்ல என்பது ஜெனிட்சுவின் காதுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பெட்டி உயிரைவிட மேலானது என்று தன்ஜிரோ சொல்லியிருந்தான். அவனிடமிருந்து வரும் ஒலியில் வஞ்சகம் இருந்ததில்லை. பன்றித் தலை முகமூடி போட்ட இனோசுகே பெட்டியைக் குத்த வருகிறான். ஜெனிட்சு வாளை உருவாமல் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முகம் வீங்கும்வரை உதை வாங்குகிறான். அப்போது அவன் தூங்கவில்லை.

2021 டிசம்பரில் தொடங்கி 2022 பிப்ரவரி வரை ஒளிபரப்பான யோஷிவாரா பகுதியிலும் இதே கதை. டோக்கியோவில் உண்மையில் இருந்த சிவப்பு விளக்குப் பேட்டை அது. பெண் வேடத்தில் உள்ளே நுழைந்த ஜெனிட்சு, ஒரு சிறுமியின் காதைப் பிடித்துத் திருகும் அழகியைத் தடுக்கிறான். அவள் அரக்கி என்பதை அவன் காது சொல்லிவிட்டது. உடம்பு நடுங்குகிறது, பிடித்த கையை விடவில்லை. ஒரே அடியில் சுவரைத் தாண்டிப் போய் விழுகிறான். பிறகு சண்டையின் நடுவே, தூங்கிக்கொண்டே, அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேள் என்று அரக்கியிடம் நிதானமாகச் சொல்கிறான். தூக்கம் அவனுக்குத் தைரியத்தைக் கொடுக்கவில்லை. அது ஏற்கெனவே இருந்தது. பயத்தின் இரைச்சலைத்தான் தூக்கம் அடக்குகிறது.

அந்த அழகிதான் வளர்பிறையின் ஆறாம் எண். பெயர் தாகி. அண்ணன் கியூதாரோ அவள் உடம்புக்குள்ளேயே இருப்பவன். இருவருக்கும் சேர்த்து ஒரே பதவி. அண்ணன் 15 தூண்களையும் தங்கை ஏழு தூண்களையும் கொன்றவர்கள். இருவர் தலையும் ஒரே நேரத்தில் துண்டானால்தான் சாவு. அண்ணன் தலையைத் தன்ஜிரோவும், தெங்கென் உசுய் என்ற தூணும் சேர்ந்து வீழ்த்துகிறார்கள். தங்கையின் தலையை ஜெனிட்சுவும் இனோசுகேயும். 'தெய்வ வேகம்' என்ற பாய்ச்சலை ஜெனிட்சு காட்டுவது அங்கேதான். இரண்டு தடவைக்கு மேல் பயன்படுத்தினால் கால்கள் தாங்காது. வளர்பிறையின் ஆறு இடங்களில் 113 ஆண்டுகளாக எந்த மாற்றமும் இல்லை. அந்த வரிசையில் முதன்முதலாக ஓர் இடம் காலியானது அன்று.

இந்தக் காலியிடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு முகாம்களிலும் காலியிடங்கள் இருந்தன. படையின் பக்கத்தில் ரெங்கோகு என்ற தீத்தூண் ரயில் சண்டையில் இறந்திருந்தான். உசுய் ஒரு கையும் ஒரு கண்ணும் போய் ஓய்வு பெற்றான். ஒன்பதில் இரண்டு இடங்கள் காலி. கடைசிப் போர் முடியும்வரை அவை நிரப்பப்படவே இல்லை. அரக்கர்கள் அப்படிக் காத்திருக்கவில்லை. வளர்பிறையின் ஆறாம் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது.

வந்தவன் கைகாகு.

வளர்பிறையின் முதலாம் எண்ணான கோகுஷிபோவிடம் அவன் எதிர்ப்பட்டான். பல நூற்றாண்டுகளுக்கு முன் தம்பியின் திறமையைப் பார்த்துப் பொறாமையில் வெந்து, அரக்கனாக மாறிய வாள்வீரன்தான் கோகுஷிபோ. அவன் முன்னால் கைகாகு மண்டியிட்டான். உயிர் இருக்கும்வரை தோல்வி இல்லை என்பது அவன் கணக்கு. அரக்க இரத்தத்தைக் குடித்தான். இது அவனுடைய முதல் துரோகமும் அல்ல. சிறுவனாக இருந்தபோது, தன்னை ஆதரித்த கோயிலின் அநாதைக் குழந்தைகளை அரக்கனுக்குக் காட்டிக்கொடுத்துத் தான் தப்பியவன். கதையில் உண்மையான கோழை யார் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. ஒருவன் அழுதுகொண்டே நின்றான். இன்னொருவன் அழாமல் சரிந்துவிட்டான். பதவி கிடைத்தது சரிந்தவனுக்கு. அதிலும் ஒரு விநோதம்: ஜெனிட்சுவும் நண்பர்களும் உயிரைக் கொடுத்துக் காலிசெய்த நாற்காலியில்தான் அவன் அண்ணன்முறைச் சீடன் போய் உட்கார்ந்தான்.

செய்தி சிட்டுக்குருவி மூலம் கடிதமாக வருகிறது. தன்னிடம் இடி மூச்சைக் கற்றவன் அரக்கனாகிவிட்டான் என்பதற்குப் பிராயச்சித்தமாக, ஒற்றைக்கால் கிழவர் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். செப்புக்குவில் வழக்கமாகப் பக்கத்தில் ஒருவர் நின்று, வேதனை நீளாமல் தலையைக் கொய்வார். கிழவர் அப்படி யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு நேரம் துடித்திருப்பார் என்பது ஜெனிட்சுவுக்குப் புரிகிறது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவன் அலறுவதில்லை. கலகலப்பு போய்விடுகிறது. செய்து முடிக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது என்று மட்டும் தன்ஜிரோவிடம் சொல்கிறான்.

முடிவில்லாக் கோட்டையில் இருவரும் சந்திக்கிறார்கள். பட ரசிகர்கள் பார்த்தது இதைத்தான். ஹிரோ ஷிமோனோ என்ற நடிகர் அதுவரை கிறீச்சிட்டுப் பேசிய ஜெனிட்சுவின் குரல், இங்கே அடித்தொண்டைக்கு இறங்கிவிடுகிறது. ஜெனிட்சு தூங்கவில்லை. கண் திறந்தே இருக்கிறது. கைகாகு ஐந்து வீச்சுகளையும் அரக்க சக்தியோடு சேர்த்து வீசுகிறான். பட்ட இடமெல்லாம் உடம்பு விரிசல் விட்டுப் பிளந்துகொண்டே போகிறது. ஜெனிட்சு திருப்பி வீசுவது ஏழாவது வீச்சு. ஆறே உள்ள முறையில் ஏழாவது எங்கிருந்து வந்தது? கிழவர் இளையவனுக்கு மட்டும் இரகசியமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று சாகும்போதும் குமுறுகிறான் கைகாகு. அது கிழவர் கொடுத்தது அல்ல. ஜெனிட்சு தானே உண்டாக்கியது. என்றாவது ஒருநாள் இந்த வீச்சோடு அண்ணனின் தோளுக்குத் தோள் நின்று சண்டை போட வேண்டும் என்ற ஆசையில் உண்டாக்கியது.

சரி, அவன் உண்மையில் எவ்வளவு பலசாலி? இங்கே ரசிகர்களின் உற்சாகத்துக்குக் கதையே ஒரு கடிவாளம் போடுகிறது. காயத்துக்கு மருந்து போடும் யுஷிரோ, முகத்தில் அடித்தாற்போல ஒன்று சொல்கிறான். கைகாகு அரக்கனாகி அதிக நாளாகவில்லை, சக்தி அவனுக்கு முழுதாகக் கைவரவில்லை. இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் செத்திருப்பது ஜெனிட்சுதான். நியாயமான மதிப்பீடு. புதிதாக வந்த ஆறாம் எண்ணை வென்றதால் ஒருவன் முதலாம் எண்ணுக்குச் சமமாகிவிட மாட்டான்.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. கதை முழுவதிலும் வளர்பிறைக்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் இரண்டு, மூன்று, நான்கு பேர் கூடி நின்றுதான் வீழ்த்தப்படுகிறார்கள். தனி ஆளாக ஒருவனை முடித்தவர்கள் இருவரே. ஒருவன், ஐந்தாம் எண்ணைக் கொன்ற முய்ச்சிரோ தொகிதோ. வாள் எடுத்த இரண்டே மாதத்தில் தூணாகிவிட்ட 14 வயது மேதை. இன்னொருவன் ஜெனிட்சு. முதலாமவனுக்குப் பதவி இருந்தது. இரண்டாமவனுக்கு இல்லை.

ஏன் இல்லை? நிர்வாகத்தின் ஓரவஞ்சனை என்று சொல்ல இடம் இல்லை. யோஷிவாராவில் இந்த இளைஞர்கள் இருந்த படிநிலை கனோஎ. மேலிருந்து எண்ணினால் ஏழாவது. கினோஎ இன்னும் தூரம். அதற்கடுத்த கொல்லர் கிராமச் சண்டையின் முடிவில் நெசுகோ வெயிலைத் தாங்கும் அரக்கி ஆகிவிடுகிறாள். உடனே முசான் தன் ஆட்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்கிறான். நாட்டில் அரக்கர் நடமாட்டமே நின்றுபோகிறது. வெட்ட ஆள் இல்லாதபோது 50 என்ற கணக்கை யார் எட்டுவது? அந்த இடைவெளியில் தூண்கள் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதன் நடுவிலேயே கடைசிப் போர் வெடித்தது. கைகாகுவைக் கொன்ற இரவில் ஜெனிட்சு தகுதி பெற்றான் என்றே வைத்துக்கொண்டாலும், ஆர்டர் போட அந்த இரவில் யாருக்கும் அவகாசம் இல்லை. கட்டுப் போட்ட உடம்போடு அவன் முசானை எதிர்க்கவும் போகிறான்.

விடிந்தபோது முசான் வெயிலில் சாம்பலாகிவிட்டான். போருக்குப் போன ஏழு தூண்களில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். தூண்களின் கடைசிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் இருவர்: கியூ தொமியோகா, சனெமி ஷினாசுகாவா. எதிரே உட்கார்ந்திருக்கும் படைத்தலைவன் கிரியா எட்டு வயதுச் சிறுவன். அவன் நன்றி சொல்லிப் படையைக் கலைக்கிறான். ஜெனிட்சுவின் பதவி உயர்வுக் கோப்பு என்று ஒன்று இருந்திருந்தால், அது மூடப்பட்டது அந்த அறையில்தான். அவனுக்கு மட்டுமல்ல. தன்ஜிரோவும் தூணாகவில்லை. அந்தப் பதவி யாருக்கும் வேண்டாத ஒன்றாக வேண்டும் என்பதற்காகத்தானே நூற்றாண்டுகளாக அத்தனை பேர் செத்தார்கள்? அரக்கன் இல்லாத நாட்டில் தூணுக்கு என்ன வேலை?

அந்த அறையில் இருந்த கியூவின் கதை இதற்குத் துணைக்கதை. தேர்வின்போது அவன் அடிபட்டு மயங்கிக் கிடந்தான். நண்பன் சபிதோ மலையிலிருந்த அரக்கர்களை ஏறக்குறைய எல்லாரையும் தனியாக வெட்டி மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டு இறந்துபோனான். தேறியவர்கள் பட்டியலில் தன் பெயர் இருப்பதே தவறு என்று கியூ நெடுங்காலம் நினைத்தான். தூணான பிறகும், மற்ற தூண்களோடு ஒன்றாக நிற்கத் தனக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கியே இருந்தான். பதவி வந்ததால் அவனுக்குத் தன்மேல் நம்பிக்கை வரவில்லை. ஆறாம் எண் கண்ணில் பொறிக்கப்பட்டதால் கைகாகுவின் ஓட்டைப் பெட்டியும் நிரம்பவில்லை.

ஜெனிட்சுவிடம் குறை இல்லாமல் இல்லை. அவன் அலறல் பலருக்குத் தலைவலி. வழியில் போகும் பெண்ணின் காலில் விழுந்து கல்யாணம் செய்துகொள் என்று நச்சரிப்பதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளாதவர்களும் நிறைய. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சாகச வீரன் என்றால் நடுவில் எங்காவது திருந்தியிருக்க வேண்டும், கடைசியில் மார்பை நிமிர்த்தி நடந்திருக்க வேண்டும். கோதோகே அப்படிச் செய்யவில்லை. அண்ணனைக் கொன்ற அந்த இரவின் அமைதி, போர் முடிந்ததும் கலைந்துவிடுகிறது. ஜெனிட்சு பழையபடி புலம்புகிறான், அழுகிறான், நெசுகோவின் பின்னாலேயே சுற்றுகிறான். அவனுடைய பயம் நோய் போலக் குணமாகவில்லை. அதைச் சுமந்துகொண்டே செய்ய வேண்டியதைச் செய்தான், அவ்வளவுதான்.

அவனுக்கு ஒரு பட்டம் மட்டும் கிடைக்கிறது. கைகாகுவோடு சண்டை முடிந்து கீழே விழும்போது, உயிருக்கும் சாவுக்கும் நடுவே ஓர் ஆற்றங்கரையில் கிழவரைப் பார்க்கிறான். என்னால்தான் எல்லாம் கெட்டது, நான் வராமல் இருந்திருந்தால் கைகாகு இப்படி ஆகியிருக்க மாட்டான் என்று அழுகிறான். நீதான் என் பெருமை என்கிறார் கிழவர். ஒன்பது தூண்களின் வரிசையில் அந்தப் பெயர் ஏறாது. ஏற்க வேண்டியவன் ஏற்றுக்கொண்டான்.

போருக்குப் பிறகு நெசுகோவை மணந்து குடும்பஸ்தனாகிவிட்ட ஜெனிட்சு, தன் சாகசங்களைத் தானே ஒரு புத்தகமாக எழுதி வைக்கிறான். கதையின் கடைசி அத்தியாயம் இன்றைய ஜப்பானில் நடக்கிறது. அவன் வம்சத்தில் வந்த யோஷிதெரு என்ற பையன் அதைப் படித்துக் கண்ணீர் விடுகிறான். அரக்கர்களாவது, வாள்வீரர்களாவது, எல்லாம் தாத்தாவின் கட்டுக்கதை என்கிறாள் உடன்பிறந்த தோகோ. அவளுக்குத் தாத்தாவைப் பிடிக்காமல் இல்லை. நம்பத்தான் முடியவில்லை. அரக்கனுக்குப் பயப்படத் தேவையே இல்லாத ஓர் ஊரில் அவள் பிறந்து வளர்ந்திருக்கிறாள்.